எகிப்துப் பஞ்சு நல்லமுத்து

மலாயாவில், மலாக்காவுக்குப் பக்கத்து அலோர் காஜா கடைத்தெருவில் ஹனீஃப் ராவுத்தரின் துணிக்கடை எது என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். நல்லமுத்துவின் கடை எது என்று கேட்டாலும் அதே கடையைத்தான் காட்டுவார்கள். நல்லமுத்து அங்கே முதலாளியும் இல்லை, பங்காளியும் இல்லை. துணி எடுத்துப் போட்டு அளந்து கிழித்துக் கொடுக்கிற ஆள், அவ்வளவுதான். ஆனால் அவர் நிற்கிற தோரணையைப் பார்க்கிறவர்கள், ராவுத்தர்தான் இவரிடம் சம்பளத்துக்கு இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். ராவுத்தர் கடையநல்லூர்க்காரர், சாது மனிதர். வியாபாரம் நடந்தால் போதும் என்று கல்லாவில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நல்லமுத்து பிறந்தது தங்கா பத்து என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில். அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் இறக்கும் பால்மரம் வெட்டு வேலை செய்தவர்கள். அவர்களுடைய கையில் ஏறிய பால்கறையும் அந்த வாடையும் சிறு வயதிலேயே அவருக்கு ஆகவில்லை. மீசை அரும்பும்போதே டவுனுக்கு ஓடிவந்து துணிக்கடையில் சேர்ந்தார். அதற்குப் பிறகு தன் கைகளை அவர் பார்த்துக்கொண்ட மாதிரி ஊரில் பெற்ற பிள்ளையைக்கூட யாரும் பார்த்துக்கொண்டதில்லை. விறகு பிளக்க மாட்டார். தேங்காய் உரிக்க மாட்டார். விரல் நுனி காய்த்துப்போனால் துணியின் குணம் தெரியாதாம். "எங்க வீட்டுக்காரர் கையைக் கடைக்கு எழுதிக் குடுத்துட்டார். வீட்டு வேலைக்குக் கிடைக்காது லா" என்று அவர் மனைவி கமலவேணி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அவர் பேர் ஓங்கியது ஜப்பான்காரன் போன பிறகு. ஜப்பான் காலத்தில் தோட்டத்து ஜனம் கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனது. மானத்தை மறைக்கத் துணி இல்லாமல் இருந்தவர்களுக்குக் கப்பலில் மறுபடி துணி வந்தபோது, எதைத் தொட்டாலும் பட்டாகத்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் நல்லமுத்து கண்ணை மூடிக்கொண்டு துணியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, "இது சீனாக் குட்டைப் பஞ்சு, கஞ்சி போட்டு முறுக்கா வச்சிருக்கான், ரெண்டு சலவைக்கு நிக்காது" என்பார். அப்படியே நடக்கும். "இது எகிப்து" என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. எகிப்துப் பஞ்சு நல்லமுத்து என்றே பேர் விழுந்துவிட்டது.

எகிப்துப் பஞ்சைப் பற்றி அவரிடம் ஒரு புராணமே இருந்தது. துணி எடுக்க வந்தவர்கள் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, அது நடக்கும். "மத்த பஞ்சு இழையெல்லாம் அரை விரல்கூட வராதும்மா. நைல் நதி வண்டல்ல வெளையிற பஞ்சு இருக்கே, அது இதப்போல ஒன்றரை மடங்கு நீளம். இழை நீளமா இருந்தா நூல்ல முனை கம்மி. முனை கம்மியானா மேல பிசிறு நிக்காது. எவ்வளவு மெல்லிசா நூத்தாலும் அறுந்து போவாது. மத்த துணி தோய்க்கத் தோய்க்க நைஞ்சு போகும். இது தோய்க்கத் தோய்க்கத்தான் மெத்துன்னு ஆகும்" என்பார்.

பிறகு சரித்திரம் தொடங்கும். எகிப்திலும் ஆதியில் குட்டைப் பஞ்சுதான். கெய்ரோவில் யாரோ ஒரு பெரிய மனிதர் தோட்டத்தில் அழகுக்காக நட்டிருந்த உயரமான பருத்திச் செடியை ஒரு வெள்ளைக்காரன் பார்த்தான்; அதன் இழை நீளத்தைக் கண்டு அசந்துபோய் வயலில் விதைக்க வைத்தான். அமெரிக்காக்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு சீமை மில்களுக்குப் பஞ்சு வராமல் போனபோது எகிப்துக்கு யோகம் அடித்தது. அமெரிக்காவின் கடலோரத் தீவுகளில் விளைந்த ஒரு பஞ்சு எகிப்துக்கும் அண்ணன். அது ராஜாக்கள் மேலுக்குத்தான் போகும். நம் கரிசல் காட்டுக் கருங்கண்ணிப் பருத்தி உழைக்கும், ஆனால் மினுங்காது. இதையெல்லாம் சிங்கப்பூரிலிருந்து வரும் ஏஜெண்ட் பாதி சொன்னார். மீதியை நல்லமுத்து சேர்த்துக்கொண்டார். எது எந்தப் பாதி என்று அவருக்கே பிறகு மறந்துவிட்டது.

விரலால் தொட்டுச் சொல்வது வித்தை. தொழிலில் அதற்கு மேல் ஒரு பரீட்சை உண்டு. துணியின் ஓரத்தில் ஒரு நூலை உருவி, முறுக்கை அவிழ்த்து, இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்தால் இழைகள் வழுக்கிப் பிரியும். அப்போது நீளம் கண்ணுக்கே தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் அப்படிப் பார்க்க வேண்டும் என்பது துணிக்காரர்களின் வழக்கம். நல்லமுத்துவுக்குச் சந்தேகமே வருவதில்லை. வந்திருந்தால் இந்தக் கதையும் வந்திருக்காது.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசாங்கம் மலாயாவில் போட்டிருந்த அவசரகாலத்தின் உச்சம் அது. காட்டில் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம். தோட்டத்து லயங்களைப் பிடுங்கி ஒரே இடத்தில் நட்டு, சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். வாசலில் சோதனை செய்யாமல் ஒரு பிடி அரிசியை வெளியே கொண்டுபோக முடியாது. அரிசி, மருந்து, துணி எது காட்டுக்குப் போனாலும் குற்றம். ஒரு நாள் பக்கத்து ஊர் ரெம்பியாவுக்கு அந்தப் பக்கம் காட்டோரத்தில் சண்டை நடந்தது. ஆள் அகப்படவில்லை, கிழிந்த வெள்ளைச் சட்டை ஒன்று அகப்பட்டது. அது என்ன துணி, எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்க நல்லமுத்துவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள்.

பயந்துகொண்டுதான் போனார். அங்கே வெள்ளைக்காரத் துரை எழுந்து ஒரு நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க, மிஸ்டர் நல்லமுத்துன்னு சொல்றார்" என்றார் மொழிபெயர்க்கிற காளிதாஸ். மிஸ்டர். பால்வாடை வீசிய லயத்தில் பிறந்தவரை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தேநீர் வந்தது. துரை சட்டையை மேசைமேல் வைத்தார். காய்ந்த கறை, மண், ஆனால் அடியில் ஒரு மினுமினுப்பு. நல்லமுத்து கண்ணை மூடிக்கொண்டு தேய்த்துப் பார்த்தார். வழுவழுப்பாகத்தான் இருந்தது.

"எகிப்து" என்றார்.

"நிச்சயமான்னு கேக்கிறார்" என்றார் காளிதாஸ்.

"என் விரல் பொய் சொல்லாதுன்னு சொல்லுங்க."

யாருக்கு விற்றாய் என்று கேட்டார்கள். அந்த எகிப்துப் பாப்ளின் ஒரே ஒரு சுருள்தான் கடைக்கு வந்திருந்தது. வாங்கியவர்கள் மூன்று பேர்: ஒரு தோட்டத்துத் துரை, ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற டிரெசர், ரெம்பியாப் பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் தங்கையா. தங்கையா தன் மகளைக் கட்டப்போகிறவனுக்குச் சட்டை தைக்க என்று மனைவி அன்னம்மாவோடு வந்து வாங்கினார். நல்லமுத்து மூன்று பேரையும் சொன்னார். சொல்லும்போதே கடைசிப் பேர்தான் மேசையில் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்தது. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று பிற்பாடு தனக்குத் தானே எத்தனையோ தரம் சமாதானம் சொல்லிப் பார்த்தார். தெரியாமல் என்ன? பிடித்துக்கொண்டு போனால் வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை என்பது அந்த நாளில் தோட்டத்து ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுகத்தில் வாய் ஓடிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது இன்னொருவன்.

அன்று மாலையே தங்கையாவைப் பிடித்துவிட்டார்கள். வீட்டைச் சோதித்தபோது அந்தத் துணி அங்கே இல்லை. காட்டில் கிடைத்த சட்டையிலிருந்து போலீஸ் துரை ஒரு துண்டை வெட்டி நல்லமுத்துவிடம் கொடுத்தனுப்பியிருந்தார். கடையில் மிச்சம் இருந்தால் ஒத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்காகக் கடையைச் சாத்திவிட்டு ராவுத்தர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். நல்லமுத்து உள்ளே தனியாக உட்கார்ந்து, அந்த எகிப்துச் சுருளில் மிஞ்சிய சின்னத் துண்டையும் போலீஸ் கொடுத்த துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எதற்காக நூலை உருவினார் என்று அவருக்கே தெரியாது. இளவயதில் கற்ற கைப்பழக்கமாக இருக்கலாம். கடைத் துண்டின் இழை நீண்டு வந்தது. போலீஸ் துண்டின் இழை தொட்டதும் பொலபொலவென்று குட்டைக் குட்டையாக உதிர்ந்தது. இன்னொரு நூல் உருவினார். அதுவும் குட்டைதான். சாதாரணப் பஞ்சு. காஸ்டிக் சோடாத் தண்ணீரில் முக்கி எடுத்தால் குட்டைப் பஞ்சும் எகிப்து மாதிரி மினுங்கும், விரலுக்கு வழுவழுப்பாகவும் இருக்கும். மலாக்கா டவுனில் பத்துக் கடையில் கிடைக்கிற துணி. இதை அவர் தானே எத்தனை பேருக்கு எச்சரிக்கையாகச் சொல்லியிருக்கிறார்.

உடனே எழுந்து போயிருக்க வேண்டும். எழுந்தார், ஸ்டேஷன் வாசல் மரம் வரைக்கும் நடந்தார், திரும்பி வந்துவிட்டார். சொன்ன சொல்லை மாற்றினால் இவனும் காட்டாளுக்கு வேண்டியவனோ என்று பிடித்துப் போடுவார்களே என்ற பயம் இருந்தது உண்மை. ஆனால் பயம் பாதிதான். மிஸ்டர் நல்லமுத்து என்று கூப்பிட்ட வாய் இனி என்ன சொல்லிக் கூப்பிடும் என்பதுதான் மீதிப் பாதி. ஒரு மனிதன் கம்பிக்குள் கிடக்கும்போது இவருக்குத் தன் பேர் பெரிதாக இருந்தது. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் உடம்பு கூசும்.

"ஸ்டேஷன்ல என்னதாங்க கேட்டாங்க?" என்று கமலவேணி கேட்டாள்.

"துணியப் பத்தி."

"என்ன சொன்னீங்க?"

"தெரிஞ்சதச் சொன்னேன்" என்றார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்களிடம் எகிப்துப் புராணம் பாடுவதும் நின்றுபோயிற்று. மேலுக்கு முடியவில்லை போல என்று ராவுத்தர் நினைத்துக்கொண்டார்.

சில வாரம் போயிருக்கும். ஒரு காலை நேரம் அன்னம்மா கடைக்கு வந்தாள். கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றாள். பிறகு ராவுத்தரிடம் கேட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். வரும்போது கையில் மடித்த வெள்ளைத் துணி இருந்தது. தோட்டத்து வாசல் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சேலைக்கு உள்ளே இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தது. கத்தரி படவே இல்லை.

"அண்ணே, இது நீங்க குடுத்த துணிதானே?" என்றாள்.

நல்லமுத்து துணியைத் தொடவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"இந்தத் துணியில தச்ச சட்டை காட்டுல கிடைச்சுதுன்னுதான் அவரப் புடிச்சு வச்சிருக்காங்க. துணி முழுசா இருக்கே அண்ணே. எவனோ துணி தெரிஞ்சவன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் போலீஸ்ல சொல்லியிருக்கானாம். அவன் நாசமாப் போக."

"இத்தனை நாளா இதை ஏம்மா காட்டல?" என்றார்.

அன்னம்மா சொன்னாள். அவர்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். மாப்பிள்ளைத் துணிக்கு மஞ்சள் தடவி மாரியம்மன் காலடியில் வைத்துவிட்டால், பரிசத்தன்று மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து எடுக்கும்வரை வேறு யாரும் தொடக் கூடாது. தொட்டால் பெண்ணுக்கு ஆகாது. தங்கையா போலீஸ்காரர்களிடம், துணி இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எங்கே என்று சொல்லவில்லை. சொன்னால் பூட்ஸ் காலோடு கோயிலுக்குள் போய் எடுப்பார்கள். மகள் வாழ்க்கை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அன்னம்மா இத்தனை நாள் பொறுத்தாள். நேற்று அம்மன் முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு, எது வந்தாலும் என் தலையில் வரட்டும் என்று துணியை எடுத்து வந்துவிட்டாள்.

"என் பேச்ச அவங்க கேக்க மாட்டாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க. எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்ல, அண்ணே" என்று சொல்லி, சட்டென்று குனிந்து அவர் காலைத் தொடப்போனாள். நல்லமுத்து நெருப்பை மிதித்தவர் போலப் பின்னால் நகர்ந்தார்.

ஸ்டேஷன் வரைக்கும் இரண்டு பேரும் பேசாமல் நடந்தார்கள். வாசலில் வந்ததும், "நீ இங்கேயே நில்லு தங்கச்சி, நான் பேசிட்டு வந்திடறேன்" என்றார் நல்லமுத்து. உள்ளே போய்த் தனியாகச் சொல்லித் தனியாகவே முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அந்த வேளையிலும் அவருக்குப் புத்தி அப்படித்தான் போயிற்று. துரை விட வேண்டுமே. துணிக்குச் சொந்தக்காரியையும் கூப்பிடு என்றுவிட்டார்.

அன்னம்மா துணியை மேசைமேல் வைத்தாள். நல்லமுத்து, இது அந்தச் சுருளில் வெட்டிய துணி, அளவு முழுசாக இருக்கிறது, சட்டைத் துணி வேறு என்று சொன்னார். துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அன்னம்மா பக்கம் திரும்பி ஏதோ கேட்டார்.

"இவர் உனக்கு என்ன உறவுன்னு கேக்கிறார்மா" என்றார் காளிதாஸ்.

"உறவு இல்லைங்க. ஆனா அண்ணன் மாதிரி. துணி விசயத்துல இவர் சொன்னா சாமி சொன்ன மாதிரி."

துரை மறுபடி ஒன்று கேட்டார். காளிதாஸ் மொழிபெயர்க்கவில்லை. அன்னம்மாவைப் பார்த்தார், நல்லமுத்துவைப் பார்த்தார், கீழே பார்த்துக்கொண்டார். கடையில் துரைமார்களிடம் பேசிப் பழகிய அரைகுறை இங்கிலீஷில் கேள்வி நல்லமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. அப்படியானால் அன்றைக்கு உன் புருஷன் துணிதான் என்று இவன் ஏன் சொன்னான் என்று கேட்கிறார்.

"என்ன கேக்கிறாங்க?" என்றாள் அன்னம்மா.

காளிதாஸ் எதையாவது மாற்றிச் சொல்லிச் சமாளித்திருப்பார்; அந்த இரக்கம் முகத்தில் தெரிந்தது. நல்லமுத்து ஒரு கணம் அந்த இரக்கத்தை ஏற்றுக்கொள்ளத்தான் நினைத்தார். ஆனால் அன்னம்மா ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால், இவள் கெஞ்சித்தான் இவன் பேச்சை மாற்றினான் என்று துரை முடிவு கட்டிவிடுவார். தங்கையா உள்ளேயே கிடப்பார்.

"அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் துணின்னு சொன்னது நான்தான்மா" என்றார்.

அன்னம்மா காது சரியாகக் கேட்காதவள் போல அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நிரூபிக்க நூல் உருவ வேண்டும் என்று நல்லமுத்து சொன்னார். மாப்பிள்ளைத் துணியிலிருந்து நூல் உருவுவதா என்று அவர் தயங்க, அன்னம்மாவே மஞ்சள் ஓரத்தைப் பிடித்து நீட்டினாள். முதல் நூல் பாதியில் அறுந்தது. இரண்டாவது வந்தது. அதன் இழையையும் சட்டையின் இழையையும் கறுப்பு மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று நீளம், ஒன்று குட்டை. குழந்தைக்கும் புரியும்.

இது எப்போது உனக்குத் தெரிந்தது என்று துரை கேட்டார். இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். அன்னம்மா பக்கத்தில் நின்றாள்.

"துண்டை எடுத்துட்டுப் போன அந்த வாரமே தெரியும்" என்றார் நல்லமுத்து.

துரை திட்டவில்லை. போ என்று கையைக் காட்டினார். வெளியே வந்ததும் நல்லமுத்து, "தங்கச்சி" என்று ஆரம்பித்தார். அன்னம்மா துணியை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். அவர் இருபது அடி பின்னாலேயே நின்றுவிட்டார்.

தங்கையாவை உடனே விடவில்லை. விசாரித்து, மறுபடி விசாரித்து, மழைக்காலத்துக்கு முன்னால் விட்டார்கள். போகும்போது இருந்த உடம்பு வரும்போது இல்லை. அம்மன் காலடியிலிருந்து எடுத்து நூலும் உருவிய துணி ஆகாது, புதுத்துணி எடுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். கல்யாணத்தை நிறுத்தாமல் விட்டார்களே, அதுவே பெரிய காரியம்.

புருஷனும் மனைவியும் துணி எடுக்க வந்தார்கள். வேறு கடைக்குப் போயிருக்கலாம்; ஆனால் ராவுத்தர் மேல் அவர்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. தங்கையா பெஞ்சில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லமுத்து மேசையில் கிடந்த துணிகளை ஒதுக்கினார். கடையிலேயே நல்ல பாப்ளினாக எடுத்து மேசைமேல் விரித்தார்.

அன்னம்மா அதைப் பார்க்கவில்லை. "ராவுத்தரே, மாப்பிள்ளச் சட்டைக்குத் துணி வேணும். நீங்களே எடுத்து அளந்து குடுங்க" என்றாள்.

"நல்லமுத்து விரிச்சிருக்காரேம்மா. துணி விசயம் என்னைவிட அவருக்குத்தானே..."

"வேணாம். கடை ஆளு கை படாத துணியா குடுங்க."

அந்தக் கடையில் நல்லமுத்துவின் கை படாத துணி ஏது? ராவுத்தருக்கு எல்லாம் புரிந்ததோ, பாதி புரிந்ததோ, கல்லாவை விட்டு இறங்கினார். அன்று காலை லாரியில் வந்து இன்னும் பிரிக்காமல் கிடந்த துணிப் பேலைத் தன் கையாலேயே பிரித்தார். அளந்து பல வருஷம் ஆகிவிட்டதால் அவருக்குத் துணி கோணிக்கொண்டு போயிற்று. திரும்பத் திரும்ப மடித்துப் பார்த்தார். உதவிக்கு ஒரு முனையைப் பிடிக்க நல்லமுத்து கையை நீட்டினார். அன்னம்மா திரும்பிப் பார்த்தாள். அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர்கள் போகும்வரை அப்படியே நின்றார்.